கதவில் ஒட்டாத சம்மன்

அப்பாவின் தோள்பையில் சாப்பாட்டு டப்பாவை வைக்கப் போன மகளின் கையில் ஒரு சம்மன் தட்டுப்பட்டது. அதில் அவள் பெயர்! குழந்தையைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்டுப் புருஷன் போட்ட வழக்கு. ஆஜராக வேண்டிய நாள் இன்று, காலை பத்தரை மணி.

இப்போதே மணி ஒன்பதே முக்கால்.

"அப்பா, இது என்னப்பா?"

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பவில்லை. கோர்ட்டுச் சம்மன்களை வீடு வீடாகக் கொடுப்பதுதான் அவர் வேலை. முப்பது வருடத்தில் ஒரு வரி பொய் எழுதியதில்லை என்று மார்தட்டிக்கொள்கிற மனிதர்.

"நீ வாங்க மாட்டேன்னுட்ட, அதனால கதவுல ஒட்டிட்டேன்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்துட்டேன்."

"நான் போகலைன்னா பிள்ளைய அவருக்கே குடுத்துடுவாங்களே!"

"குடுக்கட்டும். பிள்ளை போனா நீயும் பின்னாலயே போயிடுவ. வாழாவெட்டிய வீட்டுல வெச்சிருக்கான்னு ஊர் பேசுறதக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சும்மா."

"அவர் அடிச்சது மறந்துபோச்சா?"

"எந்த வீட்டுல இல்லாதது?"

அடப்பாவி மனிதா! "தேதிக்குப் போயிடும்மா, போகலைன்னா ஒருதலையா முடிச்சுடுவாங்க" என்று ஊரார் வீட்டு வாசலில் எத்தனை பெண்களை எச்சரித்திருப்பார்! பெற்ற மகளிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

அம்மா ஓடிப்போய் வாசல் கதவைத் தாழ் போட்டாள். "விஷயம் தெரிஞ்சா அவர் வேலையே போயிடும்டி. பேசாம இரு."

மகள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தாழை நீக்கினாள். கதவின் வெளிப்பக்கத்தில் பசை பட்ட தடம்கூட இல்லை.

கோர்ட்டில் மூன்றாவது முறையாக அவள் பெயரைக் கூப்பிட்டபோது மூச்சிரைக்க உள்ளே நுழைந்தாள். புருஷனின் வக்கீலுக்கு முகம் சுண்டிவிட்டது.

நீதிபதி காகிதத்தைப் புரட்டினார். "சம்மனை வாங்க மறுத்தீங்க, கதவுல ஒட்டியிருக்குன்னு எழுதியிருக்கே?"

"எங்க கதவுல எதுவும் ஒட்டலைங்க ஐயா." அவள் சம்மனை நீட்டினாள். "எழுதினவர் பையிலதான் இது இருந்துச்சு."

"ரொம்ப நேர்மையான ஆள் கையெழுத்தாச்சேம்மா இது?"

அவள் பின்னாலேயே ஓடிவந்த அப்பா வாசலில் பையோடு நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் குழந்தை, "தாத்தா!" என்று இரண்டு கையையும் நீட்டியது. நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமாங்க," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். "ஊரார் வீட்டுக்கெல்லாம் நேர்மையான ஆளுதாங்க. நான் அவர் பெத்த பொண்ணு."