துப்பக் கூடாத வேலை

என் அக்கா புருஷனுக்குத் தெருவில் 'நாக்கு' என்றே பெயர். குளிர்பானத் தொழிற்சாலையில் ஒவ்வொரு தொட்டிப் பாகையும் ருசி பார்ப்பது அவர் வேலை. அவர் தலையாட்டினால்தான் பாட்டில் நகரும். அவருக்கு முன்னால் இருந்தவர் ருசி பார்த்துவிட்டுத் துப்புவார். "துப்புறவன் நாக்க நம்பாதீங்க சார், அடிநாக்குல நிக்கிற இனிப்பு முழுங்கினாத்தான் தெரியும்" என்று போட்டுக்கொடுத்துத்தான் மச்சான் அந்த இடத்தைப் பிடித்தார். மகா கெட்டிக்காரர்.

தெருவும் சளைத்ததில்லை. குழாய்த் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, பால் விலையோ எட்டாது. மலிவாகக் கிடைப்பது அந்தப் பானம்தான். அதைப் பால்புட்டியில் ஊற்றிக் கொடுத்த தாய்மாரை எனக்குத் தெரியும். பிள்ளைகள் கறுத்த பல்லைக் காட்டிச் சிரிக்கும், வெட்கமில்லாமல் நாங்களும் சிரிப்போம். அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய் வரிசையில் பாதித் தெருவைப் பார்க்கலாம்.

மச்சான் காலில் ஆணி ஏறியது அவருக்கே தெரியவில்லை. செருப்பில் ரத்தத்தைப் பார்த்து அக்காதான் கத்தினாள்.

"இனிப்ப இன்னைக்கே நிறுத்தினா கால் மிஞ்சும்" என்றார் டாக்டர்.

மச்சான் மேற்பார்வையாளரிடம் கெஞ்சினார். "மூட்ட தூக்குறேன் சார், ருசி மட்டும் வேணாம்."

"மூட்ட தூக்க ஆளா இல்ல? உங்க நாக்குக்குத்தான் சம்பளம். கால யாரு கேட்டா?"

அவன் பல்லைத் தட்டிக் கையில் கொடுத்திருக்க வேண்டும். வீட்டில் வேறு வருமானம் இல்லை. மச்சான் மறுபடி விழுங்கப் போனார். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

கம்பெனி பெரிய மனது பண்ணி, அதே வேலையை மகளுக்குக் கொடுத்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.

முதல் நாள் சாயங்காலம் மகள் முகமெல்லாம் பல்லாக வந்தாள். "அப்பா, உங்க நாக்கு அப்படியே எனக்கு இருக்காம்!"

மச்சான் கட்டிலில் கையூன்றி எழுந்து உட்கார்ந்தார். "துப்பினியாம்மா?"

"துப்பக் கூடாதுப்பா. செவுத்துல எழுதியே போட்டிருக்காங்க. யாரோ பழைய ஆள் சொன்ன யோசனையாம், அங்க எல்லாரும் புகழுறாங்க."

மச்சான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அக்கா மகளைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

"வேணாம்மா" என்றாள் அவள். "வயிறு நெறஞ்சிருக்கு."