மருந்து என்று எழுதிய போத்தல்

"பிள்ளை, மருந்து எங்கை வைச்சனீர்?"

யோகாம்பாள் அப்போதுதான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தாள். தொலைபேசியில் ராசா அண்ணை. சுவிஸில், துன் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் சட்டிபானை கழுவுகிறவர். அதே ஹோட்டலில் அறைகளைத் துப்புரவாக்குவது அவள் வேலை. காலை வேலை முடிந்து வீட்டுக்குப் புறப்பட்டிருந்தாள்.

"என்ரை அலுமாரியிலை, மேல் தட்டிலை. குட்டிப் போத்தல். மருந்து எண்டு தமிழிலை எழுதி ஒட்டியிருக்கு."

"எவ்வளவு விடுறது?"

"ரெண்டு மூடி காணும். தண்ணியோடை கலவுங்கோ."

"சரி, போனை வைச்சிட்டுப் போறன். செஃப் கண்டா கத்துவா." அதற்குள் அவருக்கு ஒரு இருமல் வந்தது. நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு வருகிற இருமல். அதோடு போன் நின்றது.

அந்த ஹோட்டலில் வேலை செய்யும் தமிழருக்கு எல்லாமே மருந்துதான். அடுப்புக் கழுவுவது அடுப்பு மருந்து, தரை துடைப்பது தரை மருந்து. தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் படியும் சுண்ணாம்பைக் கரைக்கிற அமிலம் கேத்தல் மருந்து. அது வருகிற பெரிய பிளாஸ்டிக் கானைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏற ஏலாது என்று யோகாம்பாள் அதில் கொஞ்சத்தைப் பழரசப் போத்தல் ஒன்றில் ஊற்றி வைத்திருந்தாள். போன கிழமைதான் அவர்களுக்குப் பயிற்சி நடந்தது. கானில் உள்ள படம், சிவப்புக் கட்டத்துக்குள் கையை அரிக்கிற அந்தப் படம், ஊற்றி வைக்கிற போத்தலிலும் இருக்கவேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். "எங்களுக்கு இது தெரியாதாக்கும்," என்று யோகாம்பாள் பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள்.

சமையலறைக் கேத்தலுக்குத்தான் கேட்கிறார் போல என்று நினைத்தபடி பயணச்சீட்டை எடுக்கப் பைக்குள் கையை விட்டாள். கையில் ஒரு போத்தல் தட்டுப்பட்டது. கொத்தமல்லி அவித்த தண்ணீர். ராசா அண்ணையின் இருமலுக்கென்று கொண்டுவந்தது. "மருந்து கொண்டந்திருக்கிறன், பிறகு தாறன்," என்று காலையில் அவரிடம் சொல்லியும் இருந்தாள். கொடுக்க மறந்துவிட்டாள்.

அவர் கேட்டது இந்த மருந்தை. அவரை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வரவேற்பு மேசைக்கு அழைத்தாள். நாடின் எடுத்தாள்.

"ராசா நிக்ற் ட்றிங்கன்! நிக்ற் ட்றிங்கன்!" குடிக்க வேண்டாம் என்று தனக்கு வந்த ஜெர்மனில் கத்தினாள்.

"ராசா குடிக்கிறாரா?" 'நிக்ற்' காதில் விழாத நாடின் ஜெர்மனில் அதிர்ந்து கேட்டாள். "வேலை நேரத்திலா?"

"நைன்! மெடிற்சின், மெடிற்சின்!" இல்லை, மருந்து என்றாள்.

"மருந்து எடுத்தால் நல்லதுதானே, யோகா?"

நஞ்சு என்பதற்கு ஜெர்மன் சொல் அவளுக்கு எத்தனையோ வருடமாகத் தெரியும். அந்த நேரம் பார்த்து வாயில் வரவில்லை. அடுத்த தரிப்பில் இறங்கி, வந்த வழியே ஓடினாள். ஏரிக்கரையில் படம் எடுத்துக்கொண்டு நின்றவர்களை இடித்துக்கொண்டு ஓடினாள்.

வேலையாட்கள் சாப்பிடும் அறையில் ராசா அண்ணை புட்டும் மீன்குழம்புமாக இருந்தார். பக்கத்தில் ஒரு கிளாஸ். அதில் தண்ணீர் போல ஒன்று.

"குடிச்சிட்டியளோ?"

"என்ன பிள்ளை இது, சாப்பாட்டுக்குப் பிறகெல்லோ மருந்து? வெறுவயித்திலை குடிச்சா எனக்கு எரியும்."

"எரியுமோ! அண்ணை, அது கேத்தல் மருந்து!"

கிளாஸைப் பறித்துத் தொட்டியில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். பிறகு தரையிலேயே குந்திவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

ராசா அண்ணை தட்டைப் பார்த்தார். "ஏரி மீன், முழுக்க முள்ளு. இல்லாட்டி எப்பவோ சாப்பிட்டு முடிச்சிருப்பன்." பிறகு அவளைப் பார்த்தார். "கேத்தல் மருந்து எண்டு எழுதுறதுக்கென்ன?"

"ஒட்டுற துண்டிலை இடம் காணேல்லை அண்ணை."

"என்ரை உயிர் உம்மடை துண்டிலையே தொங்கினது?"

அதற்குள் நாடின் செஃபையும் கூட்டிக்கொண்டு ஓடிவந்தாள். செஃப் நேரே போய் ராசா அண்ணையின் வாயை மணந்து பார்த்தாள். மீன் வாசம்தான் அடித்தது. யோகாம்பாள் நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். செஃப் கத்தவில்லை. பழரசப் போத்தலைக் கையுறை போட்டு எடுத்துப்போய் ஒதுக்கிவிட்டு, அமிலத்துக்கென்றே உள்ள போத்தலொன்றும், படம் போட்ட ஒட்டுத்தாளும் கொண்டுவந்து தந்தாள். படத்துக்குக் கீழே வெற்றிடம் இருந்தது. அதில் தமிழிலும் எழுது என்றாள்.

யோகாம்பாள் பேனையைப் பிடித்தபடி இருந்தாள். "அசிட் எண்டு போடுறன். இனிமேல் ஒண்டையும் மருந்து எண்டு சொல்லுறேல்லை. கீழை என்ன எழுத? குடிக்க வேண்டாம்?"

"அது கெஞ்சுற மாதிரி."

"குடியாதேங்கோ?"

"விருந்துக்கே கூப்பிடுறீர்? குடியாதை எண்டு எழுதும்."

"உங்களுக்குப் போய் எப்பிடி அண்ணை நான் 'குடியாதை' எண்டு எழுதுறது?"

"எழுதும் பிள்ளை, நான் கோவிக்கேல்லை." ராசா அண்ணை ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "பெரிசா எழுதும். கண்ணாடி போடாமலும் எனக்குத் தெரிய வேணும்."