கண்ணாடி மேல் கோழிக்குஞ்சு

சவப்பெட்டியின் கண்ணாடி மேல் ஒரு கோழிக்குஞ்சு நின்றது.

எடெலின் கையிலிருந்த காபித் தட்டு நழுவியது. கோப்பைகள் விழுந்து சிதறிய சத்தத்தில், சாவு வீட்டில் கண்விழிக்கச் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கண்ணாடிக்குக் கீழே தியோடுலோ. அவள் கணவன். பவுடர் அப்பிய முகம், கல்யாணத்தன்று போட்ட வெள்ளைச் சட்டை. கண்ணாடிக்கு மேலே, சரியாக அவன் நெற்றிக்கு நேராக, அந்த மஞ்சள் குஞ்சு சிதறிக் கிடந்த அரிசியை டொக் டொக்கென்று கொத்திக்கொண்டிருந்தது.

சான் அனிசெட்டோ ஊரில் இதற்கு அர்த்தம் தெரியாத ஆளே கிடையாது. நோயில் போனவன் பெட்டி மேல் குஞ்சு விடமாட்டார்கள். விபத்தில் போனவனுக்கும் கிடையாது. கொலையுண்டவனுக்கு மட்டும்தான். இங்கே குஞ்சு கொத்தக் கொத்த, கொன்றவன் எங்கே ஒளிந்திருந்தாலும் அவன் நெஞ்சில் அது கொத்தும்.

ஆனால் தியோடுலோ செத்தது விபத்தில் அல்லவா?

மோட்டார் சைக்கிள் பாலத்து ஓரத்தில் வழுக்கி, வண்டியோடு அவன் ஆற்றுக்குள் கிடந்தான். டாக்டர் பார்த்தார், போலீஸ் பார்த்தது, பாதிரியார் ஜெபம் சொன்னார். ஊர் வழக்கப்படி சில நாள் பெட்டி வீட்டிலேயே இருந்தது; இன்று மத்தியானம் அடக்கம்.

"யார் வேலை இது?" எடெலினின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

அவள் சீட்டு மேசைப் பக்கம் திரும்பினாள்.

"பெலிசா அக்கா, நீங்கதானே விடிஞ்சதுலேர்ந்து இங்க உக்காந்திருக்கீங்க? யார் வெச்சாங்க?"

பக்கத்து வீட்டு பெலிசா சீட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டாள். "எனக்கென்னடி தெரியும்? நல்ல சீட்டு வந்தா நான் என் புருஷன் மூஞ்சியையே பாக்க மாட்டேன். உன் புருஷன் பெட்டியவா பாத்துக்கிட்டிருப்பேன்?"

"குஞ்சு தானா பறந்து வந்து அரிசியும் தூவிக்கிச்சாக்கும்!" என்றது ஒரு கிழட்டுக் குரல்.

"வாய மூடுய்யா. உன்ன யாரு கேட்டா?"

மற்ற நேரமாக இருந்தால் சிரித்திருப்பார்கள். இப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கொல்லைப் பக்கம் அடக்கச் சாப்பாட்டுக்குப் பன்றி அறுத்துக்கொண்டிருந்த அர்னுல்போ, சத்தம் கேட்டு ஓடி வந்தான். தியோடுலோவின் தம்பி. கையில் அரிவாள், முழங்கை வரைக்கும் ரத்தம். குஞ்சைப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"நான் அன்னிக்கே நெனச்சேன் அண்ணி. கண்ண மூடிக்கிட்டு அந்தப் பாலத்துல வண்டி ஓட்டுவான் என் அண்ணன். அவனாவது, வழுக்கி விழறதாவது!"

"என்னடா சொல்ற?"

"ஆத்து மணல் லாரிய மறிச்சது யாரு? அண்ணன். லாரி யாரோடது?"

அவன் பெயரைச் சொல்லவில்லை. தேவையும் இல்லை. எல்லோர் கண்களும் வாசலுக்குப் போயின. ஊர்த் தலைவரான கேப்டன் ஹெர்மிலாண்டோ அப்போதுதான் ரொட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பின்னால் இரண்டு காவல்காரர்களோடு உள்ளே நுழைந்துகொண்டிருந்தார். தேர்தல் நெருங்கிவிட்டால் அவர் ஒரு சாவு வீட்டையும் விடுவதில்லை.

"என்னம்மா எடெலின், ராத்திரி கொஞ்சமாவது தூங்கி..."

பேச்சு பாதியில் அறுந்தது. குஞ்சு. அரிசி. தன் மேலேயே நிலைத்திருக்கும் கண்கள்.

"எவன்டா இத வெச்சது? மொதல்ல அதத் தூக்குங்கடா!"

காவல்காரன் ஒருவன் நகர்ந்தான். எடெலின் குறுக்கே வந்து நின்றாள்.

"தொடாதீங்க."

"இது விபத்தும்மா. நானே பாலத்துக்கு வந்து பாத்தேன். எவனோ விளையாடறான். இத இப்படியே விட்டா ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும் கேப்டன். விளையாட்டா, நிஜமான்னு எனக்குத் தெரியணும். பெட்டிய மண்ணுக்குள்ள எறக்கிட்டா அப்புறம் நான் யாரப் போயி கேக்கறது?"

கேட்டுவிட்டாள். பதில் வந்தாக வேண்டும். குழி மூடுவதற்குள் வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆயுள் முழுக்க, தெருவில் எதிர்ப்படும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்து இவனா, இவனா என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

"பதில நான் வாங்கித் தர்றேன் அண்ணி!"

அர்னுல்போ பாய்ந்தான். ரொட்டிப் பெட்டி எகிறியது. கேப்டன் சுவரோடு ஒட்டிக்கொண்டார். பன்றி ரத்தம் சொட்டும் அரிவாள் அவர் கழுத்துக்கு நேராக ஓங்கியிருந்தது. காவல்காரர்கள் இருவரும் கம்பைக் கையில் வைத்துக்கொண்டு கம்பத்தைப் போல் நின்றார்கள்.

"சொல்லு! எவன வெச்சுடா கொன்ன?"

"சத்தியமா நான் இல்லடா! என் பிள்ளைங்க மேல ஆணையா..."

"மூணு எண்ணுவேன்!"

"அவர விடு!"

கத்தியது மெல்ச்சோர்.

எடெலினின் தம்பி. சாவு விழுந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல், சோறு தண்ணி இல்லாமல், நாற்காலி அடுக்குவதும் காபி போடுவதுமாகத் திரிந்தவன். பாவம், மச்சான் மேல் உயிரையே வைத்திருந்தவன் என்று ஊரே அவனுக்காகப் பரிதாபப்பட்டது. இப்போது இரண்டு கைகளாலும் அர்னுல்போவின் அரிவாள் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான்.

"விடுடா அவர. குஞ்ச வெச்சது நான்தான்."

அரிவாள் மெல்லத் தாழ்ந்தது. எடெலின் தம்பியின் அருகில் வந்தாள்.

"உனக்குத் தெரியுமாடா? யாருன்னு உனக்குத் தெரியுமா?"

அவன் ஆமென்று தலையை ஆட்டினான்.

"அப்ப ஏன்டா ஊமையா இருந்த? யாருடா?"

மெல்ச்சோர் சொன்னான்: "கல்லு."

"என்ன கல்லு?"

"நெல்லு காயவெச்சிருந்தேன்ல, ரோட்டுல..."

அறுவடைக் காலத்தில் அந்தச் சாலையில் பாதி யாருக்கும் சொந்தமில்லை. ஒரு பக்கம் முழுக்க நெல் காயும். வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் பெரிய கற்களை வரிசையாக வைப்பார்கள். கல் வைக்காதே, வைத்தால் ஜெயில் என்று கேப்டன் ஒலிபெருக்கியில் கத்தியிருக்கிறார். கேட்டவர் எவருமில்லை. நெல்லை வாரியதும் கல்லை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஊர் வழக்கம்.

"மழை வர்ற மாதிரி இருந்துச்சுக்கா. நெல்ல அவசர அவசரமா வாரி மூட்டை கட்டிட்டேன். கல்ல அப்புறம் எடுத்துக்கலாம்னு விட்டுட்டேன். மழை நின்னு திரும்பி வந்தா... மச்சான் ரோட்டுல கிடக்காரு. வண்டி ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம். மண்டையெல்லாம் ரத்தம்."

பெலிசாவின் மடியிலிருந்து சீட்டுகள் சரிந்தன. அவள் குனியவில்லை.

"அப்ப பாலத்துல...?" எடெலின் கேட்டாள்.

"பயந்துட்டேன். கல்லு என்னோடதுன்னு எல்லாருக்கும் தெரியும். செத்துட்டாருன்னு நெனச்சேன். கல்லயெல்லாம் வயல்ல எறிஞ்சிட்டு, வண்டிய பாலத்து வரைக்கும் தள்ளிட்டுப் போயி உருட்டி விட்டேன். அப்புறம் வந்து அவரத் தூக்கி..."

"செத்துட்டாருன்னு நெனச்சியா? இல்ல, செத்துட்டாரா?"

மெல்ச்சோர் பின்வாங்கினான்.

"மெல்ச்சோர்! மூச்சு இருந்துச்சா?"

அவன் தன் வலது மணிக்கட்டை இடது கையால் மூடிக்கொண்டான். "பாலத்து ஓரத்துல வெச்சு உருட்டும்போது... என் கையப் புடிச்சாருக்கா. கெட்டியாப் புடிச்சாரு. கண்ணத் தொறந்து என்னப் பாத்தாரு."

"நீ என்னடா பண்ண?"

"புடுங்கிக்கிட்டேன்."

கேப்டன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். அர்னுல்போ கையிலிருந்த அரிவாளையே யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்ல வாய் வரலக்கா. ஒவ்வொரு நாளும் உன்கிட்ட வருவேன், நீ சாப்பிட்டியாடான்னு கேப்ப, நான் திரும்பிப் போயிடுவேன். குஞ்சு கொத்தினாலாவது சொல்லிடுவேன்னுதான் வெச்சேன். யாராவது வேற ஆள வெட்டுவாங்கன்னு நெனைக்கல..."

எடெலின் அழவில்லை. அழுகை வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அவள் கைபிடித்து நடக்கச் சொல்லிக்கொடுத்த தம்பி. அவள் கல்யாணத்தில் மோதிரத் தட்டு ஏந்தியவன். மருத்துவமனை அந்தச் சாலையிலிருந்து கூப்பிடு தூரம்.

கேப்டனுக்கு மெதுவாகக் குரல் திரும்பியது. "போலீசுக்கு ஆள் அனுப்பறேன்மா. இவன இப்பவே கொண்டு போயிடட்டும்."

"அனுப்புங்க. நேரா கல்லறைத் தோட்டத்துக்கு வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் இவன் இங்கதான் இருப்பான்."

சவ வண்டி வாசலில் வந்து நின்றது. பெட்டி தூக்க வந்த ஆட்கள் விவரம் தெரியாமல் உள்ளே நுழைந்து, கும்பலைப் பார்த்துத் தயங்கினார்கள். ஓர் ஆள் குறைந்தது. அர்னுல்போ அரிவாளைப் போட்டுவிட்டு முன்னால் வந்தான்.

"நீ வேணாம்" என்றாள் எடெலின். "செத்தவரோட சொந்தக்காரன் பெட்டியத் தொடக் கூடாது. அடுத்த சாவு அந்த வீட்டுலயே விழும்."

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"நீ தொடலாம். வந்து தூக்கு."

மெல்ச்சோர் நின்ற இடத்திலேயே மண்டியிட்டான். "அக்கா..."

"யாருக்கு யாரு அக்கா?" என்றாள் அவள். "எந்திரி. தலைமாட்டுப் பக்கம் புடி."