தடித்த அம்பு

படத்தை வெட்டியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் ஏதோ பெரிய மனது பண்ணி ஒப்புக்கொள்வது போல ஆகிவிடும்.

நான் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். பத்தொன்பது வருடமாக அடுத்தவர் எலும்பைப் பார்த்து வயிறு வளர்க்கிறேன். எங்கள் வேலையில் முதல் பாடமே இதுதான்: டாக்டர் மணிக்கட்டு கேட்டால் மணிக்கட்டை மட்டும் எடு, முழங்கை வரைக்கும் கதிரைப் பாய்ச்சாதே. வேண்டாததை வெட்டி வெட்டி என் கைக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. கல்யாணப் படத்தைக் கொடுத்தால் ஓரத்தில் நிற்கும் பெரியப்பாவையும் வெட்டிவிடுவேன் என்று என் கணவர் கேலி செய்வார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஃபோனில் ஒரு குழு தொடங்கினேன். பெயர் 'பழைய எலும்பு'. மனிதர்கள் எங்கே தோன்றினார்கள், எப்படிப் பரவினார்கள் என்று உலகத்தில் எங்கெங்கோ ஆராய்ச்சி நடக்கிறது. அதில் பாதிக் கட்டுரைகளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் படிக்கத்தான் ஆள் இல்லை. ஞாயிறு காலை ஒரு கட்டுரை, தமிழில் பத்து வரிச் சுருக்கம், ஒரு படம், கட்டுரையின் இணைப்பு. இவ்வளவுதான் எங்கள் நடைமுறை. இலவசமாகக் கிடைக்காததைப் போடக் கூடாது என்பது என் சட்டம். 'நம்பலைன்னா நீங்களே போய்ப் பாருங்க' என்று யாரிடமும் சொல்ல முடிய வேண்டும் அல்லவா! முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். பஸ் டிரைவர், தையல்காரர், இரண்டு நர்ஸ், ஒரு சமையல்காரர். பெருமையாகத்தான் இருந்தது.

அதில் ஒருவர் பள்ளிக்கூடத்து உயிரியல் வாத்தியார். எதைப் போட்டாலும் 'ஆதாரம் எந்தப் பக்கத்தில்?' என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அதனால் 'ஆதாரம் சார்' என்றே பெயர் வைத்துவிட்டோம். முந்நூறு பேரில் இணைப்பைத் திறந்து கட்டுரையை முழுசாகப் படிப்பவர் அவர் ஒருவர்தான். அவர் ஒருவருக்காகவே நான் ஒழுங்காக எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போட்டது, பழைய எலும்புகளிலிருந்து மரபணு எடுத்து ஆராய்ந்த ஒரு கட்டுரை. அதில் ஒரு வரைபடம். மக்கள் கூட்டங்கள் எங்கிருந்து எங்கே பரவினார்கள் என்று அம்புகள் போட்டிருந்தார்கள். சில மெல்லிய அம்புகள், ஒன்றே ஒன்று மட்டும் நல்ல தடிமன். கீழே கொசுறு போலப் பொடி எழுத்தில் நான்கு வரிக் குறிப்பு: அம்பின் தடிமன் வந்தவர்களின் எண்ணிக்கையையோ காலத்தையோ காட்டாது, ஆராய்ச்சிக்கு எத்தனை எலும்பு கிடைத்தது என்பதை மட்டும்தான் காட்டும். ஃபோனில் அந்த எழுத்தைப் படிக்கவே முடியவில்லை. குறிப்பை என் பத்து வரியில் எட்டாவது வரியாக எழுதினேன். படத்திலிருந்து அதை வெட்டிவிட்டேன். படம் பளிச்சென்று ஆகிவிட்டது.

ஆதாரம் சாருக்கும் பிடித்துவிட்டது. 'கடைசி பெஞ்சுக்கும் தெரியும்மா' என்று எழுதினார். பெரிதாக அச்செடுத்து வகுப்புச் சுவரில் மாட்டி, அம்பின் கதையைப் பிள்ளைகளுக்குச் சரியாகத்தான் விளக்கினார். பிள்ளைகள் படத்தை ஃபோனில் எடுத்துக்கொண்டார்கள். விளக்கத்தை யார் எடுத்துக்கொள்வார்?

மூன்று வாரம் கழித்து என் நாத்தனார் எங்கள் குடும்பக் குழுவில் ஒரு படம் அனுப்பினார். என் படம்தான். தடித்த அம்பைச் சுற்றி யாரோ சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். கீழே, 'கடைசியாக வந்து குவிந்தவர்கள் இவர்கள்தான். ஆராய்ச்சியே சொல்லிவிட்டது.' எங்கள் ஊரில் கால்வாய்க்கு அந்தப் பக்கம் அந்த அம்பு கிளம்பும் திசையிலிருந்து வேலைக்காக வந்து தங்கியவர்களின் வீடுகள் இருக்கின்றன. அவர்களைத்தான் சொல்கிறார்கள் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

நாத்தனாரைக் கூப்பிட்டேன். "அண்ணி, அந்தப் படத்தோட அர்த்தம் அது இல்ல. அது நான் போட்ட படம்."

"நீ போட்டதா? அட, நம்ம வீட்டு ஆளா! சொல்லவே இல்லையே!" என்று சந்தோஷப்பட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

முழுப் படத்தையும் குறிப்போடு மறுபடி போட்டேன். 'என் தவறு, மன்னிக்கவும்' என்று எழுதினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் நாற்பது பேர் பார்த்தார்கள். ஒன்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள். வெட்டிய படம் அதற்குள் நான் பெயர்கூடக் கேள்விப்படாத குழுக்களிலெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. மறுப்புக்குக் கால் முளைக்காது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த வாரம், கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து சாரின் பள்ளிக்கு வரும் ஒரு பெண்ணின் சீருடையில், முதுகு முழுக்க, யாரோ மார்க்கரால் தடித்த அம்பு ஒன்றை வரைந்துவிட்டார்கள். அவள் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்வரை யாரும் அவளிடம் சொல்லவில்லை. மறுநாள் அவளுடைய அம்மா அந்தச் சட்டையோடு பள்ளிக்கு வந்துவிட்டார். படம் யார் வகுப்பில் மாட்டியிருந்தது என்று விசாரணை. ஆதாரம் சாருக்கு இருபத்தாறு வருட வேலை. இந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

"நான் வந்து சொல்றேன் சார், வெட்டினது நான்தான்னு" என்றேன் ஃபோனில்.

"வேண்டாம்மா. கட்டுரையில இருந்த படம்னு எழுதிக் கொடுத்திருக்கேன். தலைமையாசிரியை பாதி நம்பிட்டாங்க. ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சிடும். நீங்க வந்தா அது வேற மாதிரி ஆயிடும்."

கேட்டேனா? என் மனசாட்சி எனக்கு முக்கியமாகப் போய்விட்டது. பதினான்கு பக்கக் கட்டுரையையும் அச்செடுத்து, குறிப்பை மஞ்சள் மையால் கோடிட்டுக்கொண்டு, அரை நாள் லீவு போட்டுக் கிளம்பினேன்.

பள்ளி நூலகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியை, நிர்வாகி, பெற்றோர் சார்பில் ஒரு மருந்துக்கடைக்காரர். ஓரத்தில் அந்த அம்மா, மடியில் மடித்த சட்டை. சார் என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் மூச்சு விடாமல் பேசினேன். கட்டுரையை மேசையில் விரித்து, குறிப்பைக் காட்டி, அதை வெட்டியது என் கை, சார் மீது தப்பே இல்லை என்றேன்.

நிர்வாகி சுவரிலிருந்து கழற்றிய படத்தைக் கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்தார். மாறி மாறிப் பார்த்தார்.

"சார், நீங்க கட்டுரையில இருந்த படம்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. இதுவும் அதுவும் ஒண்ணு இல்லையே."



"நீங்க எந்தக் காலேஜ்ல இருக்கீங்கம்மா?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

"காலேஜ் இல்லைங்க. எக்ஸ்ரே எடுக்கறேன்."

"எக்ஸ்ரே எடுக்கறவங்க ஃபோன்ல வெட்டி அனுப்பின படத்தை வெச்சா சார் பாடம் நடத்தினீங்க?"

"கட்டுரை இலவசமாவே கிடைக்குதுங்க. யார் வேணும்னாலும் முழுசா படிக்கலாம். இணைப்பு தரேன், நீங்களே..."

"சும்மா கிடைக்கறதுக்கு யாரும்மா பொறுப்பு?" என்றார் நிர்வாகி. கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது. பதினான்கு பக்கத்தில் ஒன்றைக்கூட யாரும் புரட்டவில்லை.

அந்த அம்மாவிடம் திரும்பினேன். "மன்னிச்சிடுங்கம்மா. அந்தக் கட்டுரை உங்களைத் தப்பா எதுவும் சொல்லல. நீங்களும் நானும் ஒரே இடத்துல இருந்து வந்தவங்கன்னுதான் சொல்லுது."

அவர் சட்டையின் மடிப்பைப் பிரிக்காமலே என்னைப் பார்த்தார். "அது எனக்கு முன்னாடியே தெரியும்மா. அதுக்கு எதுக்குப் படம்?"

விரித்து வைத்த பக்கங்களை நானே எடுத்து அடுக்கினேன்.

சாரை வேலையை விட்டு அனுப்புவதென்று இருபது நிமிடத்தில் முடிவாகிவிட்டது. மாற்றிய படத்தை உண்மையான படம் என்று எழுதிக் கொடுத்தது காரணம். அதற்குச் சாட்சி நான். வேறு யாரும் தேவைப்படவில்லை. தலைமையாசிரியை மட்டும் எழுந்திருக்கும்போது, "நீங்க வராம இருந்திருக்கலாம்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

நடைபாதையில் சார் தன் மேசைச் சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"ஒரு உதவிம்மா" என்றார். "என்னைக் குழுவுல இருந்து நீங்களே எடுத்துடுங்க. நானா போனா ஏன் போனீங்கன்னு ஆளாளுக்கு ஃபோன் பண்ணிக் கேப்பாங்க. யார்கிட்டயும் சொல்ல முடியாது."

"சார், குழுவையே மூடிடறேன்."

"அதெல்லாம் வேண்டாம். டிரைவர் ஞாயித்துக்கிழமைக்குக் காத்திருப்பார்." பெட்டியைத் தரையில் வைத்தார். "இப்பவே எடுங்க. நான் இருக்கும்போதே."

பெயர்ப் பட்டியலில் அவரைத் தேடிப் பிடித்தேன். நீக்கவா என்று ஃபோன் கேட்டது. அழுத்தினேன். அவர் தன் ஃபோனை எடுத்துப் பார்த்தார்.

"வந்துடுச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.