பினாயிலுக்குக் கீழே முப்பத்தோரு பேர்

துப்புரவுக்கார அக்கா கணக்கு அறை வாசலோடு நின்றுகொண்டாள். காய்ச்சல் வார்டைக் கழுவிவிட்டு வந்தவளுக்கு உள்ளே காலெடுத்து வைக்கத் தயக்கம்.

"மேடம், என்கூட வேலை செய்றவ மூச்சு விட முடியாம வராண்டால கிடக்கா. ஊழியர்களுக்குத் தனியா பெட் வச்சிருக்காங்களாமே? காலையில அட்மிஷன்ல கேட்டதுக்கு, லிஸ்ட்ல பேரே இல்லேன்னுட்டாங்க. ஆறு வருஷமா இந்த ஆஸ்பத்திரியைக் கழுவுறா!"

கணக்காளர் அம்மாள் கம்ப்யூட்டரில் ஊழியர் பட்டியலைத் திறந்தாள். படுக்கையானாலும் மாஸ்க்கானாலும் இந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான். கொள்ளைநோய் வந்த நாளிலிருந்து வீட்டு வாசற்படி தாண்டாத டைரக்டர் முதல் வரியிலேயே சௌக்கியமாக இருந்தார். துப்புரவுக்காரர்களைக் காணோம். தேடித் தேடிக் கடைசியில் செலவுக் கணக்கில் கண்டுபிடித்தாள். 'சுத்தம் செய்யும் பொருட்கள்' என்ற தலைப்பில், பினாயிலுக்குக் கீழே, துடைப்பத்துக்கு மேலே: 'ஆட்கள், 31.'

அப்படி எழுதிய மகராசி யாரென்று பார்த்தால், அவளேதான். பினாயிலுக்கும் ஆட்களுக்கும் ஒரே காண்ட்ராக்டர் பில் அனுப்புகிறான், ஒன்றாகக் கிடக்கட்டும் என்று மூன்று வருஷத்துக்கு முன் சேர்த்தது. வருஷம் தவறாமல் ஆடிட்டர்கள் வந்து டிக் அடித்தார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். ஒருவருக்காவது உறுத்த வேண்டாமா? ஏன், அவளுக்கே உறுத்தவில்லையே! வெட்கத்தில் காது சுட்டது.

"பேரெல்லாம் சொல்லுங்கக்கா. வராண்டால இருக்கிறவங்க பேர் முதல்ல."

முப்பத்தோரு பெயரையும் பட்டியலில் ஏற்றினாள். அதைப் பார்த்துவிட்டு மானேஜர் அடித்துப் பிடித்து ஓடி வந்தார்.

"என்னம்மா இது? அவங்க காண்ட்ராக்ட் ஆளுங்க. ஆடிட்ல மாட்டினா உங்க வேலையே போயிடும்!"

"மாட்டட்டும் சார். மனுஷங்களைத் துடைப்பத்தோட சேர்த்து எழுதினப்ப மாட்டலையே. இப்ப மாட்டினா, நானே பதில் சொல்லிக்கிறேன்."

சொல்லிக்கொண்டே அட்மிஷனுக்குப் போன் போட்டாள். "நீங்க பேர் இல்லேன்னு அனுப்பின ஊழியர் இன்னும் வராண்டால கிடக்கிறாங்க. லிஸ்ட்டைப் பாருங்க."

எதிர்முனையில் விசைகள் தட்டும் சத்தம். "ஆமா மேடம், இப்ப பேர் இருக்கு. உடனே கூட்டிட்டு வரச் சொல்லுங்க. நாலு பெட் காலியா இருக்கு."

"காலையிலயும் காலியாத்தானே இருந்துச்சு?"