பிரிக்காத பதினேழு கடிதங்கள்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் சுருட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் நீராவி பட்டதும் அவள் முடி சுருண்டு வெளியே எட்டிப் பார்த்துவிடும். வயது முப்பத்தாறு. பதினாறு வயதில் பாதியில் விட்ட பள்ளிப் படிப்பை முடித்தால் மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அதனால் வாரத்தில் மூன்று நாள் வேலை முடிந்ததும், சாயங்கால வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

மொழிப் பாடத்துக்கு ஒரு பழைய நாவல் வைத்திருந்தார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் எழுதியது; நானூற்றுப் பத்துப் பக்கம். டீச்சர் இவளைவிடப் பத்து வயது சின்னவள். புத்தகத்தைக் கொடுத்த அன்றே சொல்லிவிட்டாள்:

"நோட்ஸ் பாத்து எழுதாதீங்க. ஒரு அத்தியாயம் முடிஞ்சதும் உங்க மனசுல என்ன தோணுதோ அதை எழுதுங்க. திட்டணும்னு தோணினா திட்டுங்க."

திட்டலாம் என்றதும் சுருட்டைக்குத் தெம்பு வந்துவிட்டது. நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதினாள்: 'இருபது பக்கத்துக்குத் துறைமுகத்தைப் பற்றியே சொல்கிறார். நான் என்ன கப்பலா வாங்கப் போகிறேன்?' அதற்குக் கீழே டீச்சர் பச்சை மையில் எழுதியிருந்தாள்: 'நானும் இந்த இடத்தில் தூங்கிவிட்டேன். நாலாவது அத்தியாயம் வரை பொறுங்கள்.'

நாலாவது அத்தியாயத்தில்தான் கதை சூடு பிடித்தது. துறைமுகத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணன். அவன் பேச்சைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு போன தங்கை. வருடத்துக்கு ஒரு கடிதம் போடுகிறாள். அவன் ஒன்றைக்கூடப் பிரிப்பதில்லை. தூக்கி எறிவதும் இல்லை. மருந்து அலமாரியின் மேல்தட்டில் அடுக்கி வைக்கிறான். பதினேழு கடிதங்கள்.

சுருட்டைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'இவனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை. பிரித்துப் படித்தால் கையா வெந்துவிடும்?' என்று இரண்டு பக்கத்துக்கு விளாசித் தள்ளினாள். மறுநாள் சலவைக்கூடத்தில் அந்தக் கதையைச் சொன்னாள். அவளோடு எதிர்முனை பிடித்துப் படுக்கை விரிப்புகளை மடிக்கும் மேஸ்திரிக்கும் கதை பிடித்துப்போயிற்று. தினமும் காலையில் அவருடைய முதல் கேள்வியே அதுதான்.

"என்னம்மா, அந்த ஆளு பிரிச்சானா இல்லையா?"

"இன்னும் இல்ல மேஸ்திரி. கல்லுளிமங்கன்!"

பதினெட்டாம் அத்தியாயத்தில் தங்கையே ஊருக்கு வந்து கடைக்கு எதிரே நிற்கிறாள். அந்த இடத்தில் டீச்சர் புத்தகத்தை மூடச் சொன்னாள்.

"அடுத்த பக்கத்தைப் புரட்டாதீங்க. நீங்க அந்தத் தங்கச்சியா இருந்தா என்ன பண்ணுவீங்க? அதை எழுதிட்டு மேல படிங்க."

சுருட்டை வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினாள்: 'நேரே போய்க் கதவைத் தட்டுவேன். திறக்கும்வரை தட்டுவேன்.' டூட்டி முடிந்து வந்த பஸ் டிரைவர் கணவர், யூனிபாரத்தைக்கூடக் கழற்றாமல் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. உங்க அக்கா வீட்டுக்கு என் பஸ்ஸுதான் போகுது. நாலு வருஷமா நீ ஏறலையேன்னு நினைச்சேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. அப்பாவின் கடைசி வாரம் முழுக்க அவள்தான் கட்டிலருகே இருந்தாள். அக்கா வரவே இல்லை. எல்லாம் முடிந்த பிறகு வந்த அக்கா, எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "நீ பக்கத்துல இருந்தும் என்ன பிரயோஜனம்?" அந்த ஒரு வாக்கியத்தோடு பேச்சு நின்றது. பிறகு அக்கா இரண்டு மூன்று தடவை போன் செய்தாள். சுருட்டை எடுக்கவில்லை. எண்ணை அழிக்கவும் இல்லை.

அவள் பேனாவை எடுத்து நோட்டின் மேல் கொண்டுபோனாள். எழுதியதை அடிக்க மனம் வரவில்லை.

அடுத்த விடுமுறை நாளில், மத்தியானம், பையில் நாவலையும் நோட்டையும் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கணவர் கண்ணாடியில் பார்த்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை. அந்தப் புண்ணியத்துக்காகவே அவரை மன்னித்துவிட்டாள்.

அக்காவின் தையல் அறை மாடியில் இருந்தது. கதவு திறந்தே கிடந்ததால் தட்டுவதற்கு வழியில்லை. அக்கா கழுத்தில் அளவு நாடாவோடு, நீலத் துணியின் மேல் சாக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். முன்நெற்றியில் நரை விழுந்திருந்தது. நிமிர்ந்தாள். கோடு கோணிப்போயிற்று.

"என்ன தைக்கணும்?" என்றாள், வாடிக்கையாளரைக் கேட்பதுபோல.

சுருட்டை பையைத் திறந்தாள். சட்டென்று புத்தகத்தை நீட்டினாள்.

"பாடத்துல ஒரு சந்தேகம். நீதான் வீட்ல கதைப்புத்தகம் படிக்கிற ஆளு."

"நீ படிக்கிறியா? எப்போலேருந்து?"

"எட்டு மாசமா."

அக்கா முக்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். அது உட்காரச் சொல்லும் விதம். சுருட்டை கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்த மருந்துக்கடைக்காரனைக் கரித்துக் கொட்டினாள். அக்கா ஊசியில் நூல் கோத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவன் மேல மட்டும் தப்பு சொல்லாதே. அவ பதினேழு கடிதம் போட்டா சரி, ஒரு தடவை நேர்ல வர பதினேழு வருஷமா?"

"வந்தா இவன் கதவைத் திறந்திருப்பானா?"

"திறக்க மாட்டான்னு நீ எப்படி முடிவு பண்ணுவே?"

குரல் ஏறியது. பக்கத்துக் கடைக்காரர் படிக்கட்டில் தலையை நீட்டி, "என்ன தகராறு?" என்றார். "மருந்துக்கடையில தகராறு" என்றாள் அக்கா. அவர் ஒன்றும் புரியாமல் இறங்கிப் போனார். இருவருக்கும் சிரிப்பு வந்தது. ஒருவரை ஒருவர் பார்க்காமலே சிரித்தார்கள்.

பிறகு பத்தொன்பதாம் அத்தியாயத்தை அக்கா உரக்கப் படித்தாள். தங்கை கடைக்குள் நுழைகிறாள். அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்கிறான்: 'என்ன மருந்து வேண்டும்?'

அக்கா நிறுத்தினாள். புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள்.

"இந்த ஆளு என்னைப் பாத்துட்டா எழுதினான்?"

சுருட்டை கிளம்பும்போது அக்கா, புத்தகமும் நோட்டும் வியாழக்கிழமைவரை இருக்கட்டும் என்றாள்.

வியாழக்கிழமை அக்கா பஸ்ஸில் கணவரிடம் கொடுத்தனுப்பிய நோட்டைத் திறந்தபோது, சுருட்டை எழுதியதற்கெல்லாம் கீழே பென்சிலில் பதில் இருந்தது. கப்பலைப் பற்றிய வரிக்குக் கீழே, 'வாங்கினால் என்னையும் ஏற்றிக்கொள்.' ஈரமே இல்லை என்று எழுதிய இடத்தில் மட்டும் நாலு வரி: 'ஈரம் இல்லாதவன் கடிதத்தைப் பத்திரமாக வைக்க மாட்டான். பிரித்தால் தன் தப்பு தெரிந்துவிடுமே என்று பயம். நானும் அப்பாவை அந்தக் கோலத்தில் பார்க்கப் பயந்துதான் வரவில்லை. வந்து நின்றதும் அந்தக் குற்றவுணர்ச்சியை உன் தலையில் கொட்டிவிட்டேன்.'

சலவைக்கூடத்துப் பின்வாசலில் நின்று அதைப் படித்தாள் சுருட்டை. மேஸ்திரி அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, "பிரிச்சுட்டானா?" என்று கேட்டார். "பிரிச்சாச்சு மேஸ்திரி" என்றாள்.

நோட்டை டீச்சர் திருப்பித் தந்தபோது, "இதுல ரெண்டு கையெழுத்து இருக்கே?" என்றாள்.

"எங்க அக்கா, மிஸ். மார்க் குறைஞ்சா பரவாயில்ல, அழிக்க மாட்டேன்."

"குறைக்கலை. அவங்களுக்கும் வகுப்பில இடம் இருக்குன்னு சொல்லுங்க."

தேர்வில் சுருட்டை தேறினாள். மேற்பார்வையாளர் வேலைக்கு இப்போது விண்ணப்பமும் போட்டிருக்கிறாள். இன்னும் பதில் வரவில்லை. அக்கா வகுப்பில் சேரவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருகிறாள். ஒரு ஞாயிறு பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது, முதுகைக் காட்டியபடியே கேட்டாள்:

"அப்பா கடைசியா என்ன பேசினார், குட்டி?"

இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதே இல்லை. சுருட்டை குழாயை நிறுத்தினாள்.

"பெருசா ஒண்ணுமில்லக்கா. தலையணை உசரமா இருக்குன்னு சண்டை போட்டார். எடுத்தா, தாழ்வா இருக்குன்னார். அந்த வாரம் திங்கக்கிழமையிலேருந்து சொல்றேன், உக்காரு."

அக்கா துணியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.