ஏழாவது சில்லு

எங்கள் ஆய்வகத்தில் உலக சாதனை செய்ய ஒட்டு டேப் போதும். படிகத்தின் மேல் ஒட்டி உரித்தால் ஏடு ஏடாக வரும். அதையே திரும்பத் திரும்ப உரித்து, சில அணுக்களின் கனத்துக்கு வந்ததும் சிலிக்கான் சில்லில் இரண்டு தங்க முனைகளை இணைக்கிற மாதிரி படியவைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் ஏட்டின் வழியே மின்சாரம் ஓடும். இதுதான் ஒளி உணரி.

ஆறு வருடம் உரித்தேன். நாற்பது சில்லுகள். முப்பத்தொன்பது ஏதோ கடமைக்கு மின்சாரம் விட்டன. ஏழாவது மட்டும் ஆயிரம் மடங்கு கொட்டியது. என் வழிகாட்டிப் பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. மற்றதெல்லாம் என் கைக்கோளாறாம், ஏழாவது அவர் மூளையாம். கட்டுரை வந்தது. நாளிதழில் அவர் படமும் வந்தது, சில்லைத் தலைகீழாகப் பிடித்தபடி.

வாய்மொழித் தேர்வுக்கு முந்தின வாரம், திரையில் காட்டப் பெரிய படம் எடுக்க அதை நுண்ணோக்கியில் வைத்தேன். ஏட்டின் ஓரம் கிழிந்து, ஒரு தங்க முனையைத் தொடாமலே நின்றது. பழைய படங்களைத் தேடினேன். செய்த நாளிலேயே அப்படித்தான். அத்தனை மின்சாரமும் அடியிலிருந்த சிலிக்கானுடையது, அதை மூடியிருந்த மின்கடத்தா மேலுறையின் விரிசல் வழியாகக் கசிந்தது. வெளிச்சத்தில் மின்சாரம் விடுவது சிலிக்கானுக்குப் புதிதா என்ன?

பேராசிரியர் தேநீரில் பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்தார்.

"சார், ஏடு தங்கத்தைத் தொடவே இல்ல."

"இப்ப எதுக்கும்மா அதைப் போய் நோண்டுற? படத்துல அந்த ஓரத்தை வெட்டிடு."

"அப்ப கட்டுரை?"

"உனக்குப் பட்டம் வேணுமா, வேண்டாமா?"

பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்தது. அதற்குத்தான் 'அடடா' என்றார்.

பட்டம் வேண்டும். ஆறு வருடமாக அக்கா வீட்டுக் கூடத்தில்தான் என் படுக்கை. 'எப்போ முடியும்' என்று கேட்பதை அத்தான் நிறுத்தியே இரண்டு வருடம் ஆகிறது. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஓரத்தை வெட்டினேன்.

தேர்வாளராக வந்த அம்மையார் வேறொரு ஆய்வகத்தின் தலைவி. ஏழாவது சில்லின் படத்தில் கண்ணாடியைத் தூக்கிவிட்டு நெடுநேரம் நின்றார்.

"ரெண்டு முனையிலயும் ஏடு நல்லா படிஞ்சிருக்கா?"

பேராசிரியர் கூரையைப் பார்த்தார். அந்த ஆளை எத்தனை முறை கேவலமாக நினைத்திருப்பேன். என் வாயிலிருந்து குரல் நடுங்காமல் வந்தது.

"நல்லா படிஞ்சிருக்கு மேடம்."

அவர் குறித்துக்கொண்டார். கையெழுத்தும் போட்டார். பிறகு, பேனாவை மூடியபடி பேராசிரியரிடம் சொன்னார்:

"என்கிட்ட ஒரு பொண்ணு இருந்தா. இவங்க கட்டுரைய வச்சுக்கிட்டு ரெண்டு வருஷம் இதையே செஞ்சா. ஒரு தடவைகூட இந்த அளவு வரல. கட்டுரைதான் தப்புன்னு என்கிட்டயே வாதாடினா. கை சரியில்லாம பேச்சு மட்டும் எதுக்குன்னு போன மாசம் அனுப்பிட்டேன்."

"சரியாத்தான் செஞ்சீங்க," என்றார் பேராசிரியர்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நானும் தலையாட்டினேன்.